ஆந்தைக்கு அடிக்குறிப்பு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற முதல் கட்டுரையை யாரும் கேட்பதில்லை, அது தெரிந்துதான் இந்தப் பெண்ணுக்கு இந்த நேரத்தைக் கொடுத்திருப்பார்கள். வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் பின்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கின்றன. மேலே ஒரு மின்விசிறி மட்டும் சுற்றுக்கு ஒரு முனகல் முனகுகிறது. என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர். கவிஞர் அந்திவேள். மேடையில் கட்டியிருக்கிற பேனரில் நாற்பது வயது முகம், தாடியும் சிகரெட் புகையுமாக. நாற்காலியில் எழுபத்து மூன்று வயது முகம், ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வாதம் வந்து மூன்று வருஷமாகிறது. வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. காது கேட்கும், புரியவும் செய்யும், வார்த்தை மட்டும் வராது. பேச முடியாத கவிஞருக்குக் கருத்தரங்கம் வைப்பது சௌகரியம்தான், நான் அப்படிச் சொல்லவில்லையே என்று எழுந்து நிற்கமாட்டார். அழைப்பிதழில் கடைசி வரியில் என் பெயர்: ஏற்புரை, திருமதி உலகம்மாள். துறைத்தலைவர் திரவியம் வீட்டுக்கே வந்து சொன்னார், “அய்யா சார்பா நீங்க ரெண்டு வார்த்தை நன்றி சொன்னாப் போதும்மா, கஷ்டப்பட வேண்டாம், நானே எழுதித் தந்துருதேன்.” எழுதியும் தந்துவிட்டார். அரைப் பக்கம். இருளைப் பாடியே ஒளியைக் காட்டிய என் கணவருக்கு என்று ஆரம்பிக்கிறது. கைப்பைக்குள் கிடக்கிறது. நாற்பது வருஷம் அடுத்தவர் எழுதியதைப் படி எடுத்தவளுக்கு இதை வாசிக்க என்ன கஷ்டம்.

அந்தப் பெண் பெயர் ஜெனிட்டா. நாசரேத்துப் பிள்ளையாம். முனைவர் பட்டத்துக்கு இவரைத்தான் எடுத்திருக்கிறாள். கட்டுரைத் தலைப்பு, அந்திவேள் கவிதைகளில் இருண்மையும் பறவைக் குறியீடுகளும். மைக் அவள் உயரத்துக்கு எட்டவில்லை, நுனிக்காலில் நின்று வாசிக்கிறாள். இருண்ட கவிதைகளிலும் கதைகளிலும் பறவை என்பது வெறும் பறவை அல்ல, அது சாவின் தூது, மனசாட்சியின் குரல், திரும்பி வராத ஒன்றின் நிழல் என்கிறாள். நல்ல குரல். காகத்தில் தொடங்கினாள். காகம் முன்னோரின் கேள்வி, பிண்டத்தைத் தொடாமல் பறந்துபோகிற காகம் மகனை நிராகரிக்கிற தந்தை. இருக்கலாம். இவர் தம் அப்பாவுக்குத் திதி கொடுத்ததே கிடையாது. இலையைக் கொண்டுபோய் மாடியில் வைத்தது நான். காகங்கள் பன்னிரண்டு வந்து தின்றுவிட்டுப் போயின, எனக்குத்தான் எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது. இவர் கீழே உட்கார்ந்து, வராத காகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நான் இறங்கிவந்து, “எல்லாம் தின்னுட்டு” என்றேன். “சும்மா கெட” என்றார். தின்ற காகத்தை வைத்துக் கவிதை எழுத முடியாது போலிருக்கிறது.

அடுத்தது பிணந்தின்னிக் கழுகு. அதிகாரத்தின் குறியீடு, எழுபதுகளின் அச்சம், மேலிருந்து வட்டமிடும் அரசு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தக் கழுகு இவர் ஆபீசில் மேலதிகாரியாக இருந்த ஒரு வழுக்கைத்தலை மனுஷர். லீவு எழுதிக்கொடுக்காமல் கவியரங்கத்துக்குப் போனதைக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்த மனுஷர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, “உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சொல்லுங்கம்மா, வேலை போயிரப் போவுது” என்று சொல்லிப் போனார். நல்ல மனுஷர். மூன்று பக்கக் கவிதையில் குடலை உருவித் தின்றுகொண்டிருக்கிறார் இன்னும். இவருக்குக் கழுகுக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாது. புறாவைக் கண்டாலே பயம், ஜன்னலில் வந்து உட்கார்ந்தால், “ஏட்டி, அதை வெரட்டு” என்பார். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பறவைகள் பாடம் எடுத்தவள் நான். அலகைப் பார், காலைப் பார், என்ன தின்கிறது என்று பார், அதுதான் பறவை, என்று இருபத்தெட்டு வருஷம் சொன்னேன். ஆந்தை ஒரு வருஷத்துக்கு எத்தனை எலி தின்னும் தெரியுமா, வயல்காரனுக்கு அதைவிடக் கூட்டாளி கிடையாது, அதைக் கல்லால் அடிக்கக் கூடாது என்பேன். ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், அது கத்துனா ஆளு செத்துப்போவும்னு எங்கம்மா சொல்லுவா” என்றது. “ஆளு சாகுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, உங்கம்மாகிட்டச் சொல்லு” என்றேன். அப்போது எனக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை.

அவள் இன்னும் ஆந்தைக்கு வரவில்லை. வருவாள். கட்டுரையின் நகலைத் திரவியம் காலையிலேயே கொடுத்திருந்தார், கடைசி நாலு பக்கம் ஆந்தைதான். பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். இவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிகிறது, இடது கையால் வேட்டி ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருக்கிறார். ஆந்தை என்பது கல்யாணமான முதல் வாரத்தில் இவர் எனக்கு வைத்த பேர். என் கண்ணாடி தடிமன். ஒன்பது வயதிலிருந்து போட்டிருக்கிறேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளின் முன்னால் வந்து குனிந்து பார்த்து, “ஆந்தை மாதிரியே இருக்கட்டி” என்றார். எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், பிடித்துத்தான் இருந்தது. அதற்கு முன்னால் என்னை யாரும் எதற்கும் உவமை சொன்னதில்லை. “ஆந்தை, ஒரு காப்பி.” “ஆந்தை, இதைப் படி எடுத்துக் குடு.” அவர் கையெழுத்து யாருக்கும் புரியாது, பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுப்பேன், பிழையும் திருத்துவேன். பேர் எப்போது மாறியது என்று நினைத்துப் பார்த்தால் பிடிபடவில்லை. பேர் மாறவில்லை, சொல்கிற வாய் மாறிற்று. பால் திரிந்துபோனது என்றால், “வீட்ல ஆந்தை இருந்தா அப்பிடித்தான்.” கூட்டாளிகள் வந்திருக்கும்போது நேரமாகிறது என்று எட்டிப் பார்த்தால், “பாரு, முழிக்குது பாரு.” அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பல்லைக் காட்டிக்கொண்டு காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன்.

இப்போது கொக்கு. காத்திருப்பின் குறியீடு என்கிறாள். காத்திருப்பு. எட்டு மணியிலிருந்து மூன்று மணிவரை. வேண்டாம். அங்கே போகாதே. மின்விசிறியைப் பார். மூன்று இறக்கை. அதில் ஒன்றின் நுனி வளைந்திருக்கிறது, அதனால்தான் முனகல். எட்டிலிருந்து மூன்றுவரை ஏழு மணி நேரம். போகாதே என்றால் மனசு கேட்கிறதா. முப்பத்தேழு வருஷமாக எங்கே தொட்டாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது, உளுந்து ஊறப்போட்டால்கூட ஏழு மணி நேரமா என்று எண்ணுகிறது. அப்போது தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். எங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாசம். முந்தின நாள் சாயங்காலம் என்னோடு பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்தவள் பாதி வழியில், “தூக்கும்மா” என்றாள். தூக்கினால் உடம்பு கொதிக்கிறது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் கூசுகிறது என்று கையால் மறைத்துக்கொண்டாள். தலையைத் தூக்கிக் கஞ்சி கொடுக்கப் பார்த்தேன், கழுத்து மடங்கவில்லை. கட்டை மாதிரி உடம்போடு சேர்ந்து வந்தது. இவர் கண்ணாடி முன்னால் நின்று தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் பத்து மணிக்குக் கவியரங்கம். “ஏங்க, கழுத்து மடங்க மாட்டங்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்” என்றேன். “ஒருநாள் காய்ச்சலுக்கு எவ ஆஸ்பத்திரிக்குப் போவா? மாத்திரையைக் கரைச்சுக் குடு.” “இல்லங்க, இது வேற மாதிரி இருக்கு. நீங்க இன்னைக்குப் போவாதீங்க.” சீப்பைக் கீழே வைத்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார், “பொறப்படுத நேரத்துல ஆந்தை மாதிரி அலறாத. நான் ரெண்டு மணி பஸ்ல வந்துருவேன். வந்து பாத்துக்கிடலாம். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு.” கதவு சாத்துகிற சத்தம். எட்டு மணி.

பக்கத்து வீட்டுச் சொர்ணத்தக்கா எட்டிப் பார்த்தாள். வேலியோரம் செம்போத்து ஒன்று இடமிருந்து வலமாகப் போயிற்றாம், “செம்போத்து வலம் போனா நல்லதுளா, பிள்ளைக்கு ஒண்ணும் வராது” என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வந்த பறவை அது ஒன்றுதான். சிவந்த இறக்கை, கறுத்த உடம்பு, தவளையும் நத்தையும் தின்னும், நல்ல சகுனம். முற்பகல் முழுக்க வேலிக்குள் உட்கார்ந்து க்கும் க்கும் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போட்டேன். பத்து மணி. பதினொன்று. “அப்பா வரட்டும், என்னா?” என்றேன் பிள்ளையிடம். அவள் கேட்டாளா என்பது தெரியாது. இதுதான் மனசுக்கு அகப்படாத இடம். எத்தனையோ தடவை இந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறேன். நான் ஏன் போகவில்லை? டீச்சர் வேலை பார்க்கிறவள். கழுத்து விறைத்தால் என்ன என்று புத்தகத்தில் படித்தவள். தெரு முனையில் வண்டி நிற்கும். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போயிருந்தாலும் பத்தரைக்கு ஆஸ்பத்திரி. போகவில்லை. போய், சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்லி, இவர் வந்து, கூட்டாளிகள் முன்னால், “எங்க வீட்டு ஆந்தை இன்னைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் பறந்திட்டு” என்று சொல்வாரே, அவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்புக்குப் பயந்து போகவில்லை. ஒரு சிரிப்புக்கு. வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. இரண்டு மணி பஸ் வந்தது. இவர் வரவில்லை. பிள்ளைக்கு வெட்டு வந்தது, கையும் காலும் இழுத்துக்கொண்டன. மூன்று மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வயசானவர், பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார், “மூளைக்காய்ச்சல். காலையிலேயே கொண்டு வந்திருக்கப்படாதா, தாயி.” ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டாள். இவர் ஏழு மணிக்கு வந்தார், கழுத்தில் கதர்த்துண்டோடு. கவிதையை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம், மத்தியானச் சாப்பாட்டுக்கும் பிடித்து வைத்துக்கொண்டார்களாம்.

“இனி, அந்திவேளின் உச்சப் படைப்பாகக் கருதப்படும் ‘ஆந்தை வீடு’.” வந்துவிட்டாள். பின்வரிசையில்கூட ஒன்றிரண்டு தலை நிமிர்கிறது, பாடத்தில் இருக்கிற கவிதை அல்லவா. ஜெனிட்டா நிறுத்தி நிதானமாக வாசிக்கிறாள்.

உத்திரத்தில் ஓர் ஆந்தை.
முதல் அலறலில் விளக்கு நடுங்கிற்று.
இரண்டாம் அலறலில் தொட்டில் நின்றது.
மூன்றாம் அலறலுக்கு
வீட்டில் கேட்பாரில்லை.

எங்கள் வீட்டில் உத்திரம் கிடையாது, காங்கிரீட் தளம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொட்டிலும் கிடையாது. ஆந்தை மட்டும் இருந்தது. பிள்ளை போன நாற்பத்தோராம் நாள் காலையில் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “நாளைக்குத் தபால்ல சேக்கணும், படி எடுத்துக் குடு” என்றார். அன்றைக்கு ஆந்தை என்று கூப்பிடவில்லை. கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு தரம் வாசித்தேன். இவர் வாசற்படியில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அலறல் என்பதை மூன்று இடத்திலும் சின்ன ரகரம் போட்டு எழுதியிருந்தார். அலரல். மூன்று இடத்திலும் நான் வல்லின றகரம் போட்டுத் திருத்தினேன். என்னைக் கொலைகாரி என்று எழுதிய தாளில் எழுத்துப்பிழை திருத்தினேன். முத்து முத்தாக எழுதி, மடித்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தேன். அந்தக் கவிதைக்குத்தான் முதல் பரிசு. அந்தக் கவிதைதான் பாடப்புத்தகத்தில். மேடையில் இவர் அதை வாசிக்கும்போது மூன்றாம் அலறலுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தர் வாசித்தார், ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளையின் பெயரையும் அதற்குப் பிறகு நாங்கள் சொன்னதில்லை, என் வாயில் ஒரு தரம்கூட வந்ததில்லை.

“இவ்வாந்தையை ஆய்வாளர்கள் மூவகையாகக் காண்பர்,” என்கிறாள். ஒருவர் ஊழ் என்கிறாராம். ஒருவர் அரசாங்கத்தின் கண் என்கிறாராம். ஒருவர் நாட்டார் மரபிலிருந்து சாக்குருவி என்று எடுக்கிறார், வீட்டின் மேல் உட்கார்ந்து ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சாவுப் பறவை, எத்தனை தரம் அலறுகிறது என்று எண்ணிப் பலன் சொல்கிற வழக்கம் உண்டு என்கிறார். ஜெனிட்டா மூச்சு வாங்கிக்கொண்டாள். தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். “ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் கவிதையில் ஆந்தை எதையும் செய்யவில்லை. அலறுகிறது, அவ்வளவுதான். அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம் அல்லவா? மூன்றாம் அலறலுக்குக் கேட்பாரில்லை என்றால், முதல் இரண்டு அலறலைக் கேட்டவர் யார்? கேட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை?” மேடையில் திரவியம் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம்மா, நேரம்” என்று மெல்லச் சொன்னார். அவள் சட்டென்று தாளைப் புரட்டி முடிவுரைக்குப் போய்விட்டாள். வேட்டியை நிமிண்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கேட்டவர் யார். முப்பத்தேழு வருஷத்தில் எத்தனை பேராசிரியர்கள், எத்தனை புஸ்தகங்கள். நாசரேத்திலிருந்து வந்த ஒரு சின்னப்பெண், மைக்குக்கு எட்டாதவள், கேட்கிறாள், கேட்டவர் யார். ஆனால் அவள் கேள்வியில் பாதிதான் சரி. முதல் அலறல் உண்டு. இரண்டாம் அலறலும் உண்டு. மூன்றாவது அலறலே கிடையாது அம்மா. ஆந்தை அலறவில்லை. அதுதான் விஷயம்.

“இப்போது கவிஞர் சார்பாக அவரது துணைவியார்” என்றார் திரவியம். கை தட்டினார்கள். கைப்பையைத் திறந்து அரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முழங்கால் வலிக்கிறது. ஏழு படி. மைக்கைப் பிடித்தால் சில்லென்று இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் இவர் சின்னதாகத் தெரிகிறார். என்னையே பார்க்கிறார். என்ன பேசுவேன் என்ற பயம் இருக்கிறதா அந்தக் கண்ணில், ஒன்றும் தெரியவில்லை. தாளைப் பிரித்தேன். இருளைப் பாடியே ஒளியைக் காட்டிய. அடுத்த வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. பேனாவைத் தேடிக் கை பைக்குள் போயிற்று. போன கையை எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசத் தெரியாது. பள்ளிக்கூடத்துலதான் பேசியிருக்கேன். இந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டா. பதில் எனக்குத் தெரியும், அதனால சொல்லுதேன். அந்தக் கவிதையில வார ஆந்தை நான்தான். வீட்ல இவங்க என்னை அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. எங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துது. கழுத்து மடங்கல. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு ஒரு தரம் சொன்னேன். நீங்க இன்னைக்குப் போவாதீங்கன்னு ரெண்டாந்தரம் சொன்னேன். அலறாதன்னு சொல்லிட்டுக் கவியரங்கத்துக்குப் போனாங்க. கேட்டது அவங்கதான். ஆனா மூணாந்தரம் நான் அலறல. வாய மூடிக்கிட்டு ஏழு மணி நேரம் உக்காந்திருந்தேன். அதுலதான் பிள்ளை போயிட்டு. ஆந்தை அலறினதுனால எங்க வீட்ல யாரும் சாகல. அது அலறாம இருந்ததுனாலதான் பிள்ளை செத்துச்சு. அந்தப் பாவம் எனக்கும் உண்டு, இவங்களுக்கும் உண்டு. கவிதையில அது இல்ல. அவ்வளவுதான்.”

மைக்கிலிருந்து கையை எடுத்தேன். சரி, இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். உடம்பு லேசாகிறமாதிரி இருந்தது. பிறகு முன்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, பிறகு கூடம் முழுக்கத் தட்டிற்று. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் விழித்துத் தட்டின. திரவியம் பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு, பொய்யில்லை. “ஒரு கவிஞரோடு நாற்பதாண்டு வாழ்ந்தவர் பேச்சே கவிதையாகிவிடுகிறது! வாழ்க்கையைக் கலை எப்படி விழுங்கித் தன்மயமாக்குகிறது என்பதற்கு அம்மாவின் சொற்களே சான்று. மௌனமாகிவிட்ட ஆந்தை! இந்தப் பரிமாணத்தை நாம் இதுவரை கவனிக்கவில்லை. அடுத்த கருத்தரங்கத்துக்கு இதுவே தலைப்பு.” மறுபடியும் தட்டினார்கள். நான் படியிறங்கினேன். ஏழு படி. பிள்ளை செத்த கதையைச் சொன்னேன், பரிமாணம் என்கிறார்கள். ஓவென்று கத்தினால்கூட அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கையில் சால்வையைத் திணித்தார்கள்.

தேநீருக்கு எல்லாரும் வெளியே போய்க்கொண்டிருந்தபோது ஜெனிட்டா வந்தாள். தட்டாதவள் அவள் ஒருத்திதான், மேடையிலிருந்தே பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. “அம்மா, எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.” “நீ கேட்டதுதான் சரி” என்றேன். “நான் இதை ஆய்வுல எழுதலாமாம்மா? சார் விடுவாங்களான்னு தெரியல. வாழ்க்கைச் செய்தியெல்லாம் குறியீட்டுக்குள்ள வராதும்பாங்க. அடிக்குறிப்பாவாவது போடுதேன்.” போடு என்றேன். அடிக்குறிப்பில் கிடக்கட்டும், எனக்கு அது போதும், பொடி எழுத்தில். அவள் நோட்டைத் திறந்துகொண்டு தயங்கினாள். “பாப்பா பேரு என்னம்மா?”

தொண்டையைச் செருமினேன். “குழல்வாய்மொழி” என்றேன். எங்கம்மா பெயர், குற்றாலத்து அம்மன் பெயர். “வீட்ல குழலின்னு கூப்பிடுவோம்.” அவள் எழுதினாள், ழகரத்தை நிதானமாகச் சுழித்து எழுதினாள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழை இல்லை. அப்போது பக்கத்தில் சக்கர நாற்காலி அசைந்தது. இவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். எட்டிப் பிடிக்கிற பலம் எங்கிருந்து வந்ததோ. வாய் கோணி, உதடு குவிந்தது. “கூ” என்றார். மூச்சு வாங்கிற்று. “கூ... கூ...” நெற்றி நரம்பு புடைத்தது. வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். திரவியம் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்து குனிந்தார். “அய்யா என்னமோ சொல்ல வாராங்க! கூ... கூகை! கூகைங்காங்க! பாருங்க, ஆந்தைங்கிற வார்த்தையை விட்டுட்டுச் சங்கத்தமிழுக்குப் போறாங்க, இந்த நிலைமையிலயும்!” யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்த வாயில் வருகிற சத்தத்துக்கெல்லாம் அர்த்தம் சொல்லி வருகிறவள் நான். பசி, சிறுநீர், முதுகு அரிப்பு, டிவியை அணை. இதுவும் எனக்குத் தெரிந்தது. கூகையும் இல்லை, ஆந்தையும் இல்லை. பிள்ளை பெயரின் முதல் எழுத்தை இழுத்து இழுத்து, அதைத் தாண்ட முடியாமல் முட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. ஒரு வார்த்தை நான் எடுத்துக் கொடுத்தால் போதும். குழலிதானே என்றால் போதும், தலையாட்டுவார், அப்படியே அடங்கிப்போவார். முப்பத்தேழு வருஷம் கழித்து அதைச் சொல்லப் பார்க்கிறார். நான் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

“என்னம்மா சொல்லுதாங்க?” என்று கேட்டார் திரவியம்.

“ஒண்ணுமில்ல. தண்ணி கேக்காங்க” என்றேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். இவர் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினார், மணிக்கட்டை இன்னும் இறுக்கினார். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி வாயில் கொஞ்சம் ஊற்றினேன். முழுங்கவில்லை. கடைவாயில் வழிந்து சட்டைக்குள் இறங்கிற்று. சால்வை நுனியால் துடைத்தேன். “கூ” என்றார் மறுபடியும், தண்ணீருக்குள்ளிருந்து. இன்னொரு மிடறு ஊற்றினேன்.